என் பெயரில் இருமியவர்

1

நான் இந்த நாட்டில் வந்திறங்கி நேற்றோடு பதினோரு வருஷம் முடிந்தது. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனேன்.

ஊர்ப் பெயர் ஷெஃபீல்டு. இரும்பு உருக்குகிற ஊர். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சேரியிலிருந்து கிளம்பியவன் கடல் தாண்டியும் இரும்புப் புகையிலேயே வந்து விழுந்தேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், ரயிலின் நேரந்தவறாமையைப் பற்றி எழுதுவார்கள். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டதும் அதைத்தான். பனி எங்கேயும் ஓடிவிடாது. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மிச்சம் புரியும். இந்த ஊரில் நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் தீராத வியாதியாகப் பிடித்தவர்கள் ஏராளம். எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். ஒரே கிழவர் ஒரு குளிர்காலத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுப்பார், மூன்று சீட்டு விழும். அவருடைய டாக்டர் தனியாக ஒரு சீட்டு எழுதுவார். கண்ணை மூடிவிட்டால் இறப்புப் பதிவில் இன்னொன்று. அப்படியே எண்ணினால் ஐந்து நோயாளி. ஐந்து சீட்டும் ஒரே ஆளுடையது என்று கண்டுபிடித்து, ஒரே நம்பர் போட்டு, துளையிட்ட அட்டையாக மாற்றி மிஷினுக்கு அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை. சுகாதார அலுவலகத்தின் அடித்தளத்தில் நாலு பேர் உட்கார்ந்து பகல் முழுக்க இதைச் செய்கிறோம்.

பெயர், பிறந்த நாள், தெரு மூன்றும் ஒத்துப்போனால் சேர்த்துவிடலாம். இரண்டுதான் ஒத்துப்போகிறது என்றால் அந்தச் சீட்டுகள் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். அதற்குச் சந்தேகப் பெட்டி என்று பெயர். அது என் பொறுப்பு. எங்கள் மேலதிகாரி மிஸஸ் ஹோல்ட், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்வாள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலச் சளியில் என் சீட்டே இங்கே ஒரு தடவை சந்தேகப் பெட்டிக்கு வந்தது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? டாக்டரிடம் ஞானமுத்து என்று நைனா பெயரை, அதாவது அப்பா பெயரை, குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் தேவசகாயம் என்று என் பெயரையே எழுதியிருந்தேன். மிஷினுக்கு நான் இரண்டு ஆள். மிஸஸ் ஹோல்ட் விழுந்து விழுந்து சிரித்தாள். நானே என்னைச் சேர்த்து நம்பர் போட்டேன்.

2

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். அண்ணன் முனுசாமி, எனக்கு ஏழு வருஷம் மூத்தவர். அவர் பிறந்தபோது நைனாவுக்குக் கன்னியப்பன் என்று பெயர். பண்ணையில் கூலி. பிறகு மிஷன்காரர்கள் வந்தார்கள், நைனா ஞானஸ்நானம் வாங்கி ஞானமுத்து ஆனார். எனக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அண்ணன் அதற்குள் மாடு ஓட்டப் போய்விட்டார். ஆக காகிதத்தில் அவர் க. முனுசாமி, நான் ஞா. தேவசகாயம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

ஊருக்கும் எண்ணூருக்கும் நடுவே, ரயில் பாதை ஓரமாக ஒரு பவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கிற தொழிற்சாலை, வந்தது. எட்டாம் வகுப்பு பாஸ் ஆனவர்களைத்தான் நிரந்தரமாக எடுப்போம் என்றார்கள். நான் பாஸ். 214 என்று வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். காலையில் அதைப் பலகையில் மாட்டினால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

நாலு மாசம் போனேன். வார்த்து எடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலைச் சுரண்டி அரைக்கிற இடத்தில் போட்டார்கள். எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத அளவுக்குத் தூசி. வீட்டுக்கு வந்து துப்பினால் கறுப்பாக வரும். நான் ஒரு சொகுசுக்காரன். ஐந்தாம் மாசம் நாஷ்டா சாப்பிடும்போது இருமி இருமிச் சோற்றைத் தள்ளிவிட்டேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து என் சட்டைப் பையிலிருந்த டோக்கனை எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டார்.

“நீ படிச்சவன்டா. உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நான் போறேன் உள்ள” என்றார்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படலாம். எங்கள் பக்கத்தில் அது சர்வ சாதாரணம். மச்சான் டோக்கனில் மச்சினன் போவான், சித்தப்பா டோக்கனில் மகன் போவான். மேஸ்திரிக்கு வேலை நடந்தால் சரி. பலகையில் 214 தொங்க வேண்டும், அவ்வளவுதான். அன்றையிலிருந்து அண்ணன் பவுண்டரிக்குள் தேவசகாயம் ஆனார். கூட வேலை செய்கிறவர்கள் தேவா, தேவா என்று கூப்பிட்டார்கள். ரயிலில் பார்க்கிறவர்கள் எங்கள் அண்ணி மங்காவைத் தேவா சம்சாரம் என்றார்கள். அண்ணிக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நான் பட்டணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பேரேடு எழுதுகிற வேலையில் சேர்ந்து, வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தேன்.

3

இங்கிலாந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறுபத்து மூன்றில் ஆஸ்பத்திரியில் பேச்சு வந்தது. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்குமாம். நான் பேனா பிடிக்கிறவன், எனக்கு என்ன கைத்தொழில்? ஆனால் ஞா. தேவசகாயத்துக்கு இருந்தது. பவுண்டரி ரிஜிஸ்டரில் நாலு வருஷ அனுபவம் முழுசாக இருந்தது.

நான் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் கேட்பதுதானே. அடுத்த வாரமே அண்ணன் சர்ட்டிபிகேட்டைக் கைக்குட்டையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். பவுண்டரி குமாஸ்தாவிடம் தேவசகாயமாகவே நின்று, தேவசகாயமாகவே கைநாட்டு வைத்து வாங்கியிருக்கிறார். எட்டாவது பாஸானவன் கைநாட்டு வைப்பானா என்று அந்தக் குமாஸ்தா கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

பட்டணத்தில் மெடிக்கல். நெஞ்சுப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், நாலு வருஷம் பவுண்டரியில் இருந்தவனுக்கு இவ்வளவு சுத்தமான நெஞ்சா, கொடுத்துவைத்தவன் என்றார். தேங்க் யூ டாக்டர் என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

இந்த ஊரில் முதல் நாளே சாயம் வெளுத்தது. பவுண்டரி மேஸ்திரி எதிரே வந்து, ஆல் ரைட்டா என்று கேட்டான். அது இந்த ஊர் வணக்கம் என்று எனக்குத் தெரியாது. நின்று நிதானமாக, கப்பலில் வாந்தி எடுத்தது முதல் முழங்கால் வலி வரை சொன்னேன். கேட்டுவிட்டு, கொத்தனார் கரண்டி மாதிரி ஒரு கரணையைக் கையில் கொடுத்து மண் அச்சு ஒன்றைச் சரிசெய்யச் சொன்னான். நான் கரணையைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் துடைப்பத்தைக் கொடுத்தான். ஒரு வருஷம் பெருக்கினேன். பிறகு ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினேன். அதன் பிறகுதான் இந்த அடித்தளம். எஸ்தரைக் கட்டிக்கொண்டு வந்ததும், ஷீலா பிறந்ததும், இந்த வீடு அமைந்ததும் அந்தக் காகிதத்தின் மேல்தான்.

4

போன ஐப்பசியில் அண்ணியிடமிருந்து நீல நிற ஏர்மெயில் வந்தது. அண்ணிக்கு எழுத வராது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா அண்ணி சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவார். ஷீலாவுக்கு ஒன்பது வயது. தாளைப் பார்த்ததும் ஓடிவந்து மடியில் ஏறி, படித்துக்காட்டச் சொன்னாள், இங்கிலீஷில். பெரியப்பா நலம், பெரியம்மா நலம், உனக்கு முத்தம் என்று மடமடவென்று சொல்லி மடித்துவிட்டேன். இத்தனை பெரிய கடிதத்தில் அவ்வளவுதானா என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லித்தரவில்லையே என்று நான் எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தோதாக இருந்தது.

கடிதத்தில் இருந்தது இது. அண்ணனுக்கு ரொம்ப நாளாக இருமல், ரயிலடிப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊருக்கு எக்ஸ்ரே வண்டி வந்தபோது படம் எடுத்திருக்கிறார்கள். நெஞ்சு முழுக்கப் புள்ளி. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் அட்டை போட்டார்கள். பெயர் முனுசாமி, தொழில் விவசாயக் கூலி. சளியில் கிருமி அகப்படவில்லை. இருந்தாலும் கூலிக்காரன் நெஞ்சில் புள்ளி என்றால் காசநோய்தான் என்று ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்து மாசமாகக் குறையவில்லை. பழைய படம் ஏதாவது இருக்கிறதா, தூசியில் வேலை செய்தாயா என்று டாக்டர் கேட்டாராம். அண்ணன் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

அந்த டாக்டர் மேல் தப்பே கிடையாது. பழைய படம் இருக்கிறது. பவுண்டரி மருந்தகத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்த படங்கள், 214, ஞா. தேவசகாயம் என்று ஒரு உறைக்குள் இருக்கின்றன. தூசி வருஷத்துக்கு வருஷம் எப்படி ஏறியது என்று அதில் பச்சையாகத் தெரியும். ஆனால் முனுசாமி போய் தேவசகாயத்தின் படத்தை எப்படிக் கேட்பார்? உள்ளதைச் சொன்னால் பதினைந்து வருஷ ஆள்மாறாட்டம் வெளியே வரும். சீமையில் இருக்கிற தம்பி பொய்ச் சர்ட்டிபிகேட்டில் போனவன் என்று ஆகும்.

அண்ணி முடிவில் எழுதச் சொல்லியிருந்தது மட்டும் எனக்கு மனப்பாடம். “சொல்லிடலாம்னு நான் தெனம் சொல்லிகினுதான் கீறேன் தம்பி. அவுரு கேக்க மாட்டேங்கிறாரு. புள்ள குட்டியோட நல்லாக்கீறான், அவன் பேர்ல கை வெக்காதேன்றாரு. நீயே ஒரு வார்த்த எழுதுப்பா.”

ஒரு வார்த்தை. ஒரு பக்கம் எழுதினால் போதும். கிளினிக் அட்டையும் பவுண்டரி உறையும் ஒரே ஆளுடையது என்று நான் எழுத வேண்டும். பகல் பூரா அதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

நான் எழுதவில்லை. கடிதத்தை மேஜை இழுப்பறையில், ஷீலாவின் தடுப்பூசி அட்டைகளுக்குக் கீழே வைத்தேன். அடுத்த வாரம் எழுதலாம் என்றேன். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றேன். கறுப்பர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அப்போது வீதியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் போய் நாமே வம்பை விலைக்கு வாங்குவதா என்றேன். எஸ்தரிடம்கூட மூச்சு விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பார்சல் அனுப்பினேன். கும்மிடிப்பூண்டி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! ஐந்து மாசம் இப்படி ஓட்டினேன். நான் கோழை. இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

5

மாசி மாசம் இரண்டாவது கடிதம் வந்தது. சின்னக் கடிதம். அண்ணனுக்குக் காது போய்விட்டது. ஊசி ஒத்துக்கொள்ளாமல் சிலருக்கு அப்படி ஆகுமாம். முதலில் வண்டிச் சத்தம் போல இரைந்துகொண்டே இருந்ததாம், இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்கவில்லையாம். ஊசி மட்டும் நிற்கவில்லை. அண்ணி என்மேல் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வேலைக்குப் போனேன். சந்தேகப் பெட்டியில் மேலாக இருந்தது ஒரு கிழவரின் இரண்டு சீட்டு. பிறந்த நாள் ஒன்று, தெரு ஒன்று, பெயர் மட்டும் ஒன்றில் ஜான், ஒன்றில் ஜாக். ஒரு ஆஸ்பத்திரி தீராத சளி என்றது, இன்னொன்று காசநோய் என்றது. நான் போனை எடுத்து அவருடைய டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டும் ஒருவர்தான், ஜாக் என்பது செல்லப் பெயர், சாணை பிடிக்கிற தொழிலாளி, காசநோய் என்று எழுதியது தவறு, திருத்திவிடுகிறேன், நன்றி என்றார். பத்து நிமிஷம். முன்பின் பார்க்காத கிழவருக்குப் பத்து நிமிஷத்தில் செய்தேன். மிஸஸ் ஹோல்ட் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுத உட்கார்ந்தேன். கிளினிக் டாக்டருக்கு ஒன்று, பவுண்டரி மருந்தகத்துக்கு ஒன்று. டோக்கன் 214-ல் பதினைந்து வருஷமாக வேலை செய்தவர் என் அண்ணன் முனுசாமி, அந்த உறையில் இருப்பது அவருடைய நெஞ்சு, ஞா. தேவசகாயமாகிய நான் அங்கே வேலை செய்தது நாலே மாசம். சொன்னால் நம்ப வேண்டுமே. சுகாதார அலுவலக ஊழியர் என்ற முறையில் எனக்கும் போன மாசம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்திருந்தார்கள். எக்ஸ்ரே அறையில் கேட்டு அந்தப் படத்தை வாங்கி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, டாக்டர் கடிதத்தோடு அனுப்பினேன். தேவசகாயத்தின் நெஞ்சு இதுதான், வைத்துப் பாருங்கள் என்று எழுதினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அஞ்சு மாசமா இத்த வெச்சிகினு எப்படிச் சோறு துன்ன?” என்று கேட்டாள்.

இங்கே இன்னும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்று எஸ்தரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

நான் அடிக்கடி நினைப்பது வேறொன்று. எங்கள் பக்கத்தில் பவுண்டரித் தூசியில் நெஞ்சு கெட்டவர்கள் எத்தனை பேர் என்று நாளைக்கு யாராவது கணக்கெடுக்க வரட்டும். மருந்தக அலமாரியைத் திறந்து உறைகளை எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் என் அண்ணன் இருந்திருக்க மாட்டார். நான் இருந்திருப்பேன். மச்சான் பெயரில் இருமுகிற மச்சினன்கள் இன்னும் எத்தனை பேர் அந்த அலமாரியில் இருக்கிறார்களோ, அவர்களுக்கு எந்த ஊசி நடந்துகொண்டிருக்கிறதோ தெரியாது. என் சந்தேகப் பெட்டிக்கு அவர்கள் சீட்டு வராது.

6

பதில் போன வாரம் வந்தது. ஊசியை நிறுத்திவிட்டார்கள். தூசி நோய்தான் என்று அட்டையில் எழுதி, பவுண்டரி உறையையும் அதோடு சேர்த்துத் தைத்துவிட்டார்களாம். பவுண்டரியில் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள், எப்படியும் அவரால் இனி வேலைக்குப் போக முடியாது. நெஞ்சு இனி சரியாகாது. காதும் வராது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம்.

அண்ணி அன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதச் சொல்லியிருந்தார். டாக்டர் இரண்டு படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தாராம். ஒன்றில் பனி பெய்த மாதிரி புள்ளி, இன்னொன்று துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். இரண்டாவது யாருடையது தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. அண்ணி என் படத்தைத் தொட்டுக் காட்டி, கையை மேற்கே நீட்டி ஜாடை செய்தாராம்.

அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய், படத்தில் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தாராம். தன் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காது போனதிலிருந்து அவருக்குக் குரல் அளவு தெரியாது; வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாராம்: “என் தம்பிது டாக்டர். ஒரு புள்ளி கீதா பாரு. நான்தான் அவன உள்ள போவ உடல.”

சேர்த்துத் தைத்த அட்டையோடு என் படத்தையும் வைத்துக்கொள்ள டாக்டர் கேட்டாராம். அண்ணன் கொடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், மற்ற வீடுகளில் சீமைக்குப் போன பிள்ளையின் போட்டோ மாட்டுகிற இடத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாராம்.